முள்ளெலித் துயில்

ஆடி மூன்றாம் தேதி, ஊர் துயிலெழும் எழுநாள். காலை ஆறு மணிக்குத் துயிலகத்தின் எஃகுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பங்குனிப் பாதியில் மண்ணுக்கடியில் போய்ப் படுத்த நாலாயிரம் பேர், நூற்றுப் பத்து நாள் உறக்கம் கலைந்து, சரிவுப்பாதை வழியாக மேலே வரத் தொடங்கினார்கள்.

ஞானசௌந்தரி பாதையின் உச்சியில் ஒரு குடுவை நன்னாரித் தண்ணீரோடு நின்றிருந்தாள். துயிலாமல் கோடை முழுவதும் காவல் இருக்கும் பன்னிரண்டு விழிப்பர்களில் அவளும் ஒருத்தி. தேரிக்காட்டின் செம்மணலுக்குக் கீழே முப்பதடி ஆழத்தில் இருந்த ஆய்வறைதான் பத்துக் கோடைகளாக அவளுக்கு வீடு. வெளியே ஐம்பத்துநாலு பாகை வெயில் அடிக்கும்போது மேலே தலைகாட்ட முடியாது. விழித்திருப்பவர்களுக்குக் குளிர்காற்றும் தண்ணீரும் வேண்டும், உறங்குகிறவர்களுக்கு இரண்டும் வேண்டியதில்லை. அதனால்தான் ஊரையே உறங்க வைத்தார்கள்.

முதல் வருட எழுநாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று இதே சரிவில் ஒரே கூக்குரல். பெற்றவர்கள் பிள்ளைகளைத் தேடி ஓடினார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், யாரோ ஒருவர் நாதஸ்வரம் ஏற்பாடு செய்திருந்தார். இன்று செருப்புச் சத்தம் மட்டுந்தான் கேட்டது. வந்தவர்கள் ஆளுக்கு ஆள் நாலடி இடைவெளி விட்டு நின்றார்கள். அப்படி நிற்கச் சொல்லி யாரும் கோடு போடவில்லை.

மகள் எப்சிபா வந்தாள். இருபது வயது. உறக்கத்தில் மெலிந்த முகம், தோளில் துணிப்பை.

"வந்துட்டியாட்டி? தலை சுத்துதா?"

"இல்லம்மா. நல்லாருக்கேன்." குடுவையை வாங்கிக் குடித்தாள். "தேங்க்ஸ்."

சௌந்தரி அவள் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள். எப்சிபா அரையடி பின்னால் நகர்ந்தாள். அதில் வெறுப்பு இல்லை. வெயிலில் நிற்கிறவர் நிழலுக்கு நகர்வதுபோல் இயல்பாக நகர்ந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சௌந்தரி குடுவையின் மூடியைத் திருகினாள்.

கோடைத்துயில் வாரியம் இதற்குத் 'துயில் மயக்கம்' என்று பெயர் வைத்திருந்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். முதலில் ஒரு வாரம் ஆனது, பிறகு ஒரு மாதம், பிறகு அடுத்த துயில் வரையிலும் அப்படியே இருந்தது. ஐந்தாம் துயிலுக்குப் பிறகு அவள் கணவர் ராஜரத்தினம் ஒருநாள் மத்தியானம் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனார். சண்டை எதுவும் இல்லை. "தனியா இருந்தா நல்லாருக்கும்னு தோணுது சௌந்தரி" என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சாவியை எங்கே வைப்பது என்று கேட்டார். வயதாகிறது, மனிதர் மாறிவிட்டார் என்றுதான் அவள் அன்று நினைத்தாள்.

எட்டு மணிக்குத் துயிலகம் காலியானது. கடைசிச் சுற்று பார்க்கப் போன செவிலி கீழேயிருந்து கூப்பிட்டாள். "டாக்டரம்மா, இங்க வாங்களேன்."

தாய்மாரும் பிள்ளைகளும் படுக்கும் பகுதியில் ஒரு தொட்டிலில் பத்து மாதக் குழந்தை விழித்துக் கிடந்தது. காலில் கட்டிய பட்டையில் தாயின் பெயர் இருந்தது. சுயம்புக்கனி, வடக்குக் குடியிருப்பு. வருகைத் திரையில் அவள் கைரேகை வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே போயிருந்தாள்.

சௌந்தரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். சுயம்புக்கனி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் திடுக்கிடவில்லை.

"ஐயோ, விட்டுட்டு வந்துட்டனா? குடுங்கக்கா." பதமாகத்தான் வாங்கினாள். தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"எப்படிம்மா மறந்த?"

"மறக்கலக்கா." அவள் யோசித்துச் சொன்னாள். "பக்கத்துல தொட்டில் இருக்கு, அதுல புள்ள இருக்குன்னு தெரியுது. எம் புள்ளதான். ஆனா எல்லாத் தொட்டில்லயும் புள்ள இருக்குல்லா, அது மாதிரிதான் இதுவும்னு தோணுச்சு. அதான் வந்துட்டேன்." பிறகு சௌந்தரியின் முகத்தைப் பார்த்து, "கவலைப்படாதீங்க. பாலெல்லாம் நேரத்துக்குக் குடுத்துருவேன்" என்றாள்.

ஆய்வறைக்குத் திரும்பிய சௌந்தரி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எதிரே மண் நிரப்பிய நாற்பது கண்ணாடிப் பெட்டிகளில் முள்ளெலிகள் சுருண்டு கிடந்தன.

முள்ளெலி எலியே அல்ல. சௌந்தரி புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் இதுதான். பெயரில் பன்றியை வைத்திருக்கும் முள்ளம்பன்றிதான் உண்மையில் எலிக்குச் சொந்தம். பெயரில் எலியை வைத்திருக்கும் இதற்கு எலியோடு நெருங்கிய ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூஞ்சூறும் அகழெலியும்தான் இதன் பங்காளிகள். கிழக்கே சுமத்ராக் காடுகளில் முள்ளில்லாத, அழுகிய வெங்காயம்போல் நாறும் நிலவெலி என்றொன்று உண்டு. அது இதற்கு உடன்பிறப்பு மாதிரி. தேரியின் முள்ளெலி உள்ளங்கையில் அடங்கும். வயிற்றில் மட்டும் முள் கிடையாது. மழை பொய்த்த காலத்தில் உண்ணாமல், குடிக்காமல், இதயத்தை நிமிடத்துக்கு ஏழெட்டுத் துடிப்பாக அடக்கி, புற்றுக்கடியில் வாரக்கணக்கில் கிடக்கும். அப்படிக் கிடக்க வைக்கிற துயிற்புரதத்தை அதன் இரத்தத்திலிருந்து பிரித்துத்தான் மனிதருக்கான துயில்நீரைச் செய்தார்கள்.

சௌந்தரி பழைய கவனிப்புப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டாள். எல்லாம் அவள் கையெழுத்துத்தான். முள்ளெலிக் குட்டி பிறக்கும்போது முட்கள் தோலுக்கடியில் நீர்கோத்து மறைந்திருக்கும், தாயைக் குத்திவிடக்கூடாது என்பதுபோல. தாய் நக்கி நக்கித் தோலை வற்ற வைக்கும். அதன்பின் கண்ணெடுக்காமல் காக்கும். ஆனால் நாற்பதாம் நாள் சுமாருக்கு ஏதோ ஒன்று முடிந்துபோகும். குட்டி பக்கத்தில் வந்தால் தாய் நெற்றி முட்களைச் சிலிர்த்து முட்டித் தள்ளும். அன்றோடு இரண்டும் அந்நியர்கள். அதற்குமேல் வாழ்நாள் முழுவதும் தனிமைதான், இணைசேரும் நேரம் தவிர. அந்த இடத்தில் அவள் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லை எழுதியிருந்தாள்: 'இயல்பு.'

மூன்று வாரம் அவள் வேறு எதையும் செய்யவில்லை. துயிற்புரதத்தின் கடைசியில் சின்னதாக ஒரு வால்துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பயனற்றது என்று எல்லாரும் விட்டுவிட்ட துண்டு அது. தாய் முள்ளெலிகளின் இரத்தத்தில் நாற்பதாம் நாளை ஒட்டி அந்தத் துண்டு மட்டும் குப்பென்று ஏறியது. பிறகு துயிலெழுந்த மனிதர்களின் இரத்த மாதிரிகளைப் பார்த்தாள். அது கரைந்து போயிருக்கவில்லை. ஒவ்வொரு துயிலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருந்தது. மகளின் மாதிரியைக் கடைசியாகப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கோடைத்துயில் வாரியத்தின் ஆணையர் செந்தூர்பாண்டி அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். மேசைக்கு அந்தப்பக்கம் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்.

"எங்களுக்குத் தெரியும் டாக்டரம்மா" என்றார். "மூணு வருசமா தெரியும்."

"தெரிஞ்சுமா ஊசி போடுதீங்க?"

"போடலன்னா வெந்து சாவாங்க." சாதாரணமாகத்தான் சொன்னார். "இன்னொண்ணு சொல்லுதேன். எங்க ஊர்ல தேர்வடம் யார் புடிக்கிறதுன்னு வருசா வருசம் வெட்டுக்குத்து. எங்க அண்ணன் மகள, வேற தெருப் பையனோட போனதுக்காக, எங்க ஆளுங்களே கிணத்துல தள்ளுனாங்க. நான் அப்ப அவங்க கூட நின்னேன். ஆறு வருசமா இந்த மாவட்டத்துல அப்படி ஒரு கேசு கிடையாது. ஒண்ணே ஒண்ணுகூட. நம்ம ஆளுன்னு ஒருத்தன் இருந்தாத்தான அந்நியன்னு ஒருத்தன் இருப்பான்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தச் சுயம்புக்கனி புள்ளைய நேத்துப் போய்ப் பாத்தேன் சார்."

"அதுக்கு ஏதும் குறை வச்சிருக்காளா?"

"இல்ல. குளிப்பாட்டுதா, பால் குடுக்கா, எல்லாம் நேரத்துக்கு நடக்கு. ஆனா அது அழ மாட்டேங்குது சார். அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு பத்து மாசத்துலயே தெரிஞ்சுக்கிட்டு."

செந்தூர்பாண்டி சன்னலைப் பார்த்தார். அவர் வருத்தப்பட முயல்வதுபோல் அவளுக்குத் தோன்றியது. வராத தும்மலுக்காக முகத்தைச் சுளிக்கிறவரைப்போல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு விட்டுவிட்டார்.

"அடுத்த கோடை ஐம்பத்தெட்டு போகும்ங்கான்" என்றார். "விழிப்பர்னு யாரும் இருக்க முடியாது. காவல எந்திரங்க பாத்துக்கும். நீங்களும் தூங்கித்தான் ஆகணும். மருந்தும் இனிமே ஆலையிலயே செய்தாங்க, முள்ளெலி தேவையில்ல. புது மருந்துக்கு வீரியம் ஜாஸ்தி. பத்துத் துயிலுக்கு உள்ள வால்துண்டு ஒரே ஊசியில இருக்கும். இல்லன்னா அந்தச் சூட்டுல உயிர் நிக்காது."

"வால்துண்டு இல்லாத மருந்து ஒண்ணு நான் செஞ்சு தந்தா?"

"செய்ங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன இருக்கு? சபையில வைப்போம். அவங்க கை தூக்குனா மாத்திருவோம்."

முள்ளெலியின் புரதத்திலிருந்து அந்தத் துண்டை வெட்டினால் உறக்கமும் சேர்ந்தே போனது. ஆகவே சௌந்தரி உறவுக்காரர்களிடம் போனாள். உறங்கத் தெரிந்த, ஆனால் ஒட்டுறவை விடாத ஒரு பங்காளி வேண்டும்.

மடகாஸ்கரில் தென்ரெக் என்று ஒரு விலங்கு உண்டு. பார்த்தால் அசல் முள்ளெலிதான். அதே முள், அதே கூர்மூக்கு, பயந்தால் அதே பந்து. மாதக்கணக்கில் உறங்கும், தாயும் குட்டிகளுமாகக் கும்பலாகத் திரியும். முந்தைய காலத்தில் அறிவியலார் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். பூச்சி தின்னும் கூர்மூக்கு எல்லாம் ஒரே சாக்கில். மரபணுவைப் படித்த பிறகுதான் தென்ரெக் யானைக்குத் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தது. முள் இரண்டுக்கும் தனித்தனியாக முளைத்தது. சேமிப்பு வங்கியிலிருந்த தென்ரெக் புரதத்தை அவள் முயன்று பார்த்தாள். மனித இரத்தம் அதை ஏற்கவில்லை. நிலவெலிக்கு உறங்கத் தெரியாது. அகழெலி முள்ளெலியைவிடத் தனிமைப் பிராணி.

கடைசியில் விடை துயிலகத்துத் தானியக் கிடங்கில் கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. மூஞ்சூறு. நாற்றம் பிடித்தது என்று எல்லாரும் விரட்டுகிற பிராணி. பசி முற்றினால் உடம்பைக் குளிரவிட்டு உறங்கும். கூட்டைக் கலைத்தால் தாய் முன்னால் ஓட, முதல் குட்டி தாயின் பின்புறத்தைக் கவ்விக்கொள்ளும், அடுத்தது அதைக் கவ்வும், இப்படி ஆறு குட்டிகளும் ஒரே சங்கிலியாக ஓடும். தாயைத் தூக்கினாலும் பிடி விடாது, மாலைபோல் தொங்கும். சௌந்தரி முதன்முதலில் அந்தச் சங்கிலியைக் கிடங்கின் மூலையில் பார்த்தபோது தரையில் உட்கார்ந்து அழுதாள். அதன் துயிற்புரதத்தில் வால்துண்டு இல்லை.

மாசி மாதத்துக்குள் இரண்டு குப்பி மூஞ்சூற்று நீர் தயாரானது. மனித இரத்தம் ஓடவிட்ட எந்திர உடலங்களில் சோதித்ததில் ஐம்பத்தெட்டு பாகையையும் தாங்கியது. ஏற்கெனவே சேர்ந்த வால்துண்டையும் அது கரைத்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

துயிலோர் சபை மாசிக் கடைசியில் கூடியது. எல்லாரும் தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து அவள் பேசியதை மரியாதையாகக் கேட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. முடித்ததும் நடுவரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"இது வலிக்குமா?"

"ஊசி வலிக்காது."

"ஊசிய கேக்கல. எழும்பின பெறகு. நீங்க சொல்லுத அந்தப் பாசம்."

சௌந்தரிக்குப் பொய் சொல்லத் தோன்றியது. "வலிக்கும்" என்றாள். "பத்து வருசமா விட்டுப்போனது எல்லாம் சேந்து வரும். நல்லாவே வலிக்கும்."

அந்தப் பெண் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். செந்தூர்பாண்டி வாக்கெடுப்புக்கு அழைத்தார். கைகள் எழவில்லை. மூன்றாம் வரிசையில் ராஜரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவோரம் எப்சிபா இருந்தாள். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

வீட்டில் சௌந்தரி ஒரு குப்பியை மகள் முன்னால் வைத்தாள்.

"சபை என்ன சொன்னாலும் சரி. உனக்காகத்தான் செஞ்சேன். நீயாவது போட்டுக்கோ."

எப்சிபா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எனக்கு எதுவும் குறையுதுன்னு தோணலயேம்மா. எது குறையுதுன்னே தெரியாம எதுக்கு மருந்து?"

"மொத துயிலுக்குப் போகும்போது உனக்குப் பத்து வயசு. நான் கூட வராம உள்ள போகமாட்டேன்னு அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு விடவேயில்ல. விரல் விரலா பிரிச்சாங்க. ஞாபகம் இருக்காட்டி?"

"இருக்கு. எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் போட்டிருந்த பச்சைப் பாவாடைகூட." எப்சிபா நிதானமாகச் சொன்னாள். "அந்தப் புள்ளைய நினைச்சா பாவமா இருக்கும்மா. அவ்வளவு கஷ்டம் எதுக்கு?"

சௌந்தரி சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது மேசையில் குப்பி இல்லை. எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது. குப்பைக்கூடையையும் அவள் பார்க்கவில்லை.

பங்குனி பதினான்காம் தேதி முள்ளெலிகளைத் தேரிக்குக் கொண்டுபோய் உடைமர நிழல்களில் ஒன்றொன்றாக விட்டாள். அவை மணலை முகர்ந்துவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போயின.

மறுநாள் துயிலகம். நாலாயிரம் படுக்கைகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஊசி போடும் ஓர் எந்திரக் கை. சௌந்தரிக்குத் தனி வரிசையில் இடம். இரண்டாவது குப்பி அவள் கையிலேயே இருந்தது. எந்திரத்தின் காலி அறையில் அதைச் செருகினால் போதும்.

படுத்துக்கொண்டு அவள் கணக்குப் போட்டாள். அதைப் போட்டுக்கொண்டால், நூற்றுப் பத்து நாள் கழித்து இந்தக் கூட்டத்தில் தவிக்கிறவள் தான் ஒருத்தி மட்டுமே. மகள் தேங்க்ஸ் சொல்லிவிட்டு நகர்ந்து நிற்பாள். அடுத்த வருடமும் அப்படித்தான். அதற்கடுத்த வருடமும். சாகும்வரை அந்த அரையடி தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. உடம்பில் தெம்பு இருந்தது. மனதில் இல்லை.

"மன்னிச்சுக்கோ மக்ளே" என்று வாய்க்குள் சொன்னாள். குப்பியை இடுப்புப் பையில் போட்டுவிட்டு, ஆலை மருந்துக்குக் கையை நீட்டினாள்.

விழித்தபோது அவள் முதலில் உணர்ந்தது மனது லேசாகிவிட்டதைத்தான். வருடக்கணக்காக வலித்த பல்லைப் பிடுங்கிப் போட்டதுபோல் இருந்தது. எழுந்தாள். கைரேகை வைத்தாள். சரிவுப்பாதையில் மற்றவர்களோடு நடந்தாள். முன்னால் போகிறவருக்கும் தனக்கும் நடுவே இருந்த இடைவெளி இதமாக இருந்தது.

உச்சியில் யாரோ அழும் சத்தம் கேட்டது. பாதையின் நடுவே ஒரு பெண் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டிருந்தாள். ஜனங்கள் கல்லைச் சுற்றும் தண்ணீர்போல அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எப்சிபா.

"அம்மா!" பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். "போட்டுக்கிட்டேம்மா. படுத்த பெறகு, கடைசி நிமிசத்துல. ஆசைப்பட்டு இல்லம்மா, நீ கேட்டியே, மறுக்க ஒரு காரணமும் இல்லயேன்னு. எல்லாம் வந்துட்டும்மா. அப்பா போனப்ப நீ சாப்பிடாம கிடந்தது, வருசா வருசம் நீ தண்ணியோட நின்னது... நான் உன்ன எப்படிம்மா அப்படி..."

சௌந்தரி கேட்டுக்கொண்டாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். தொண்ணூற்றாறு. கண்பாவை சீராக இருந்தது. கண்ணீர்ச் சுரப்பு மிகுதி. மருந்து வேலை செய்திருக்கிறது என்று தெரிந்தது. அணைப்பு புழுக்கமாக இருந்ததால் மகளின் கைகளை வலிக்காமல் ஒவ்வொன்றாக விலக்கினாள்.

எப்சிபா அவள் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நீ உன்னோடதப் போட்டுக்கலயாம்மா?"

"இல்ல."

"ஏம்மா?"

சௌந்தரி யோசித்தாள். காரணம் நினைவில் இருந்தது. மனப்பாடம் செய்த வரிபோல் இருந்தது. "தாங்க முடியாதுன்னு நினைச்சேன்" என்றாள். "வெயில் ஏறுது. நீ வீட்டுக்குப் போ. தண்ணி நிறையக் குடி."

அவள் நேரே ஆய்வறைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. மேசையைத் துடைத்துவிட்டுச் சோதனைப் பதிவேட்டைத் திறந்தாள். மூஞ்சூற்று நீரின் முதல் மனித முடிவை எழுதியாக வேண்டும். பின்னாலேயே ஓடிவந்த எப்சிபா கதவுக்கு வெளியே நின்று அம்மா, அம்மா என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

சௌந்தரி தெளிவான கையெழுத்தில் நிரப்பினாள். பெண், வயது இருபத்தொன்று. துயில் நூற்றுப் பத்து நாள், தடையின்றி. வால்துண்டு நீக்கம் முழுமை எனக் கருதலாம். பக்கவிளைவு என்ற இடத்தில், 'அழுகை. தாயைத் தேடுதல்' என்று எழுதினாள்.

கடைசியில் பரிந்துரை என்றொரு கட்டம் இருந்தது. மற்றவர்களுக்கும் இதைக் கொடுக்கலாமா என்று அவள் நேர்மையாகவே யோசித்துப் பார்த்தாள். இடுப்புப் பையிலிருந்த குப்பியை எடுத்து மேசைமேல் நிறுத்தி அதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளியே தட்டுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

'தேவையில்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.